நார்மல் நாற்காலி

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். அதை வைக்க இடம் போதாமல், மூலையில் கிடக்கும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போடப் போகிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்து மராட்டியில் கேட்டாள்: "சார், அந்தச் சேரோட முதுகுல நார்மல்னு பெயிண்ட்ல எழுதியிருக்கே, எதுக்கு? இங்க யாருக்கும் தெரியல."

அவளுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி அனுப்பினேன். நான்கு வரியில் அடங்குகிற நாற்காலி இல்லை அது. மீதியை நம் தமிழ்ச் சங்க மலரில் எழுதுகிறேன். ஆசிரியர் பக்கக் கணக்குப் பார்க்க மாட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன்.

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி என்பாள் என் மனைவி மெர்சி. வாகட் ஏரியாவில் மகன் வீட்டு பால்கனியில் புறாக்களை எண்ணுகிறேன். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது மின்விசிறிகளை எண்ணுகிறேன், ஓடாதவற்றைத் தனியாக. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் எண்ணாமல் மூட என்னால் முடியாது. இந்த வியாதிக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உலகத்தில் இருந்தது என்பது என் அதிர்ஷ்டம். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகையை எண்ணுவதும், அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதும் என் உத்தியோகம்.

படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன். பிப்பெட் உடைத்தேன். எத்தனை உடைத்தேன் என்று தெரியும், சொல்ல மாட்டேன். பிறகு உடைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், நிரந்தரமாக்கினார்கள்.

நான் எண்ணிய அணுக்களுக்கு இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் என்.கே. என்போம். கொல்லி என்றதும் பயப்பட வேண்டாம். நம் பக்கத்து ஆட்கள்தான். அவர்கள் வேலையை விளக்க எனக்கு எப்போதும் நான் வளர்ந்த தேஹு ரோடுதான் உதவும். என் அப்பா அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் குமாஸ்தா. சட்டையில் பாஸ் குத்தியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒருநாள் பாஸ் துவைக்கப்போட்ட சட்டையோடு வீட்டில் தங்கிவிட்டது. கேட்டில் நின்ற சிப்பாய் முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் கேக் சாப்பிட்டவர். "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சு, திரும்பிப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவும் மேலே இப்படி ஒரு பாஸ் குத்திக்கொண்டிருக்கிறது. 'நான் இந்த வீட்டு ஆள், உள்ளே இன்ன இன்ன சரக்கு இருக்கிறது' என்று அது காட்டும். வைரஸ் உள்ளே நுழைந்துவிட்டால் அதன் துணுக்கும் பாஸில் தெரிந்துவிடும். பாஸைப் படித்துப் பிடிக்கிறவர்கள் டி அணுக்கள். அவர்கள் நன்றாகப் படித்தவர்கள், ஆனால் ஒவ்வொரு எதிரிக்கும் தனியாகத் தயாராக அவர்களுக்கு நாள் ஆகும். சில வைரஸ்கள் கெட்டிக்காரத்தனமாகப் பாஸையே உருவி ஒளித்துவிடும். படிக்க ஒன்றுமில்லை என்றால் டி அணு என்ன செய்யும்? அங்கேதான் நம் என்.கே. வருகிறது. அது படிக்காது. தடவிப் பார்க்கும். பாஸ் கையில் பட்டால் 'சரி, போ' என்று அடங்கிவிடும். பாஸ் இல்லை, அணுவின் மேல் கலவரத்தின் அடையாளமும் தெரிகிறது என்றால் ஒட்டிக்கொள்ளும். பாஸ் இருந்தாலும் அந்த அடையாளம் மிக அதிகமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அடக்குகிற கை, கிளப்புகிற கை, எது கனக்கிறதோ அதன்படி முடிவு. பிறகு தன் மடியில் வைத்திருக்கும் பொடியை அவிழ்க்கும். அதில் ஒரு சரக்கு எதிராளியின் தோலில் ஓட்டை போடும். இன்னொரு சரக்கு அந்த ஓட்டை வழியாக உள்ளே போய், 'நீயே உன்னை முடித்துக்கொள்' என்று உத்தரவு போடும். சத்தம் இல்லை, சிதறல் இல்லை. முடித்ததும் அடுத்த அணுவைத் தடவப் போய்விடும்.

இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எப்படி? பச்சை மூடிக் குழாயில் ரத்தம் வரும். குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது, குளிர்ந்தால் என்.கே. சோம்பிவிடும். உப்பு நீரில் கலந்து, கனமான ஒரு திரவத்தின் மேல், கலங்காமல், குழாயின் சுவரோரமாக விட வேண்டும். சுழற்றி எடுத்தால் நடுவில் வெண்மையாக ஒரு வளையம் நிற்கும். சுழற்சியை பிரேக் போட்டு நிறுத்தினால் வளையம் கலைந்துவிடும். தானாக ஓய்ந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். வளையத்தை மட்டும் உறிஞ்சி, கழுவி, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ண வேண்டும். அது என் சொர்க்கம். பிறகு பாஸ் இல்லாத ஒரு ஜாதிப் புற்று அணுக்களை, பச்சைச் சாயம் ஏற்றி, இவர்களோடு பிளாஸ்டிக் தட்டின் குழியில் சேர்த்து, உடம்புச் சூட்டில் நான்கு மணி நேரம் வைப்போம். கடைசியில் சிவப்புச் சாயம். ஓட்டை விழுந்த அணுவுக்குள்தான் சிவப்பு நுழையும். பச்சையில் எத்தனை சிவந்தது என்று மெஷின் சொல்லும். அதுதான் கொல்லும் திறன்.

ஒரு சிக்கல் உண்டு. அந்தப் புற்று அணுக்கள் ஒருநாள் சுலபமாகச் சாகும், ஒருநாள் பிடிவாதம் பிடிக்கும். அதனால் நோயாளியின் ரத்தத்தோடு அதே நாளில் எடுத்த ஓர் ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தையும் வைத்துப் பார்ப்போம். அந்த ஆளுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் 'நார்மல்' என்று பெயர். தினமும் காலையில் சித்ரே மேடம் உள்ளே வந்ததும் மராட்டியில் கேட்கும் முதல் கேள்வி, "ஆஜ் நார்மல் கோண்?" இன்றைக்கு நார்மல் யார்? யாராவது கை தூக்குவார்கள். கூலி ஒரு வடாபாவ், ஒரு டீ.

சித்ரே மேடம் எங்கள் தலைவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். தன் அறையில் உட்கார்ந்து கணினியில் வரைபடத்தைப் பார்க்கும்போது எவர்சில்வர் டப்பாவிலிருந்து பொரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பொரி ஒரே சீராக உள்ளே போனால் எல்லாம் நலம். வேகமாகப் போனால் சந்தோஷம். கை பாதியில் நின்றால் நாங்கள் எல்லாரும் நின்றுவிடுவோம்.

நாற்காலி அவருடைய ஏற்பாடு. நார்மல் ஆனவர் ரத்தம் கொடுக்குமுன் அரைமணி நேரம் அதில் சும்மா உட்கார வேண்டும். காரணம் இருக்கிறது. என்.கே. அணுக்களில் பல ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு இளைப்பாறும். ஓடினாலோ பயந்தாலோ அவை உதிர்ந்து ரத்த ஓட்டத்துக்கு வந்துவிடும். தேஹு ரோடு ஸ்டேஷனில் லோக்கல் வருகிறது என்றதும் பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் பாய்வார்களே, அப்படி. அந்த நேரத்தில் போய் எண்ணினால் கணக்குத் தப்பு. மறுபடி உட்காரும்வரை பொறுக்க வேண்டும்.

நானும் ஒருமுறை கை தூக்கினேன், வடாபாவுக்காக. இத்தனை வருடம் அடுத்தவர் ரத்தத்தோடு வாழ்ந்தவனுக்குத் தன் கையில் ஊசி ஏறுவது என்றால் குலை நடுங்கும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அரைமணி நேரமும் நாற்காலியில்தான் இருந்தேன். தட்டில் இருந்த ஊசிகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மேடத்தின் கை பொரியோடு நின்றது.

"தனபாலன் அவர்களே, தாங்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தீர்களா?"

"உட்கார்ந்தேன் மேடம்."

"உடம்பு உட்கார்ந்திருக்கிறது. இதயம் சிங்கட் மலைக்கோட்டை ஏறியிருக்கிறது."

அத்தோடு என்னை யாரும் நார்மலாக வைத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்தில் துப்புரவு செய்பவர்கூட நார்மல் ஆகியிருக்கிறார், நான் ஆகவில்லை. மெர்சியிடம் சொன்னபோது, "இதைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு மெஷின் வேணுமாக்கும்" என்றாள்.

ஓய்வுக்குச் சில வருடம் முன்பு, கணபதி விழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த சமயம், ஆகுர்டியிலிருந்து ஒரு கேஸ் வந்தது. முருகேசன் என்று ஒருவர், கார் தொழிற்சாலையில் வேலை, திருவண்ணாமலைப் பக்கம். அவர் மகள் யாழினிக்கு எட்டு வயது. பெரிய அளவில் அம்மை போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். தேறி வந்தவளுக்கு மறுபடியும் கொப்புளம். அம்மை வைரஸ் குடும்பத்தை அடக்குவதில் என்.கே.க்குப் பெரும் பங்கு உண்டு. அது பழுதாகப் பிறந்த குழந்தைகள் அபூர்வமாக இருக்கிறார்கள். அப்படி இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுவதுவரை பேச்சுப் போகும் என்று டாக்டர் முருகேசனிடம் சொல்லியிருந்தார். அந்த மனிதர் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

யாழினி லேசில் கை நீட்டவில்லை. ரத்தம் எடுக்கும் ஷிந்தே பாய் என்ற அம்மாவின் விரலைக் கடித்தாள். கடைசியில் எப்படியோ எடுத்தாயிற்று.

அன்றைய நார்மல் ஓம்கார். ஆராய்ச்சி மாணவன், கணபதி ஊர்வலத்தில் டோல் மேளம் அடிக்கிற குழுவில் இருந்தான். எங்கள் சுவருக்குப் பின்னால் உள்ள மைதானத்தில்தான் அவர்கள் பயிற்சி. விழா நெருங்கியதால் காலையிலும் அடித்தார்கள். எங்கள் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் தாளம் போட்டன.

மெஷின் கணக்கு வந்தது. யாழினியின் திறன் ஓம்காருடையதில் பாதிகூட இல்லை. மேடம் பொரி டப்பாவைத் திறந்தார். ஒன்று போனது. இரண்டாவது பாதி வழியில் நின்றது.

"ஓம்கார் அவர்களைக் கொஞ்சம் அழைக்க முடியுமா?"

அவன் வந்தான். பின் பாக்கெட்டில் டோல் குச்சி.

"காலையில் நாற்காலியில் உட்கார்ந்தீர்களா?"

"இல்லை மேடம். அதில் அந்தக் குழந்தையின் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், எழுப்ப மனசு வரலை. நின்றபடியே கொடுத்துட்டேன்."

"அதற்கு முன்?"

"டோல் அடிச்சேன். சுவர் ஏறிக் குதிச்சேன். லிஃப்ட் வரலை, படியில ஓடி வந்தேன்." பிறகு அவனே சேர்த்துக்கொண்டான்: "ஏன், நம்பர் நல்லா வந்திருக்கா?"

மேடம் பொரியை டப்பாவிலேயே திரும்பப் போட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. "மிக நன்றாக வந்திருக்கிறது. இந்த ஊரில் ஆரோக்கியமான ஆள் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார், உங்களோடு ஒப்பிட்டால். ரிப்போர்ட் போகாது. இரண்டு பேருக்கும் மறுபடி எடுக்க வேண்டும்."

குழந்தை நிஜமாகவே குறைவா, ஓம்கார் மிதமிஞ்சிப் போனதால் குறைவாகத் தெரிகிறதா என்பது அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. முருகேசனிடம் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னா சார் இது, நான் தூங்கினதால என் பொண்ணுக்குக் கம்மியா வந்துச்சா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"உங்களால இல்ல. மறுபடி பார்த்தாத்தான் எதுவும் தெரியும்."

"இவ திரும்பக் கை குடுப்பான்றீங்க?"

வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது மேடம் வழக்கம்போல் கேட்டார், இன்று நார்மல் யார் என்று. ஓம்காருக்குத் தடை. ஷிந்தே பாய்க்கு ஜலதோஷம். கிளார்க் அப்போதுதான் டைபாய்டு தடுப்பூசி போட்டிருந்தார். துப்புரவு செய்பவர் லீவு, அவர் வேலையையும் பார்த்த பியூன் சிராவண மாத விரதம். பசித்த வயிறு நார்மல் இல்லை என்பது மேடத்தின் கட்சி. இன்னொரு மாணவி ஆய்வேடு எழுதுகிறேன் என்று தூங்காமல் வந்திருந்தாள். மேடம் தாமே ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுபவர். முருகேசன் சொந்த ரத்தம், சேராது. மேடம் எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பகூ" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம்.

நான் பயந்தால் என் எண் ஏறும். என் எண் ஏறினால் இந்தக் குழந்தை மறுபடியும் குறைவாகத் தெரிவாள். குறைவாகத் தெரியக் கூடாதே என்று நினைத்தாலே எனக்குப் பயம் வந்தது. வராந்தாவுக்குப் போய் மெர்சிக்குப் போன் போட்டேன்.

"எனக்காக ஜெபம் பண்ணு."

"எதுக்கு?"

"ரத்தம் கொடுக்கணும்."

"ஒரு டியூப்பா? கிட்னி குடுக்கப் போறவுக மாதிரில்லா பேசுதீங்க. அந்தப் பிள்ளை கடிச்சுக் கிடிச்சு வைக்கும், தள்ளி உக்காருங்க." வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தால் என் நாற்காலி போயிருந்தது. யாழினி அதில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் க்ரீன்தான் வேணும்" என்றாள்.

வேறு வழியில்லாமல் மேடம் தன் அறையிலிருந்து தன் நாற்காலியை எனக்காகத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். சக்கரம் வைத்தது, சுழல்வது. அதில் மேடத்தைத் தவிர வேறு எவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் அது என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. காலை ஊன்றித் திரும்பி வந்தேன். எதிரே தட்டு. தட்டில் ஊசிகள். ஒன்று, இரண்டு, மூன்று...

"தாத்தா, என்ன முணுமுணுக்கிறீங்க?"

"தாத்தா இல்ல. அங்கிள்."

"அங்கிள், உங்க கால் ஏன் ஆடுது? டர் லக்தா ஹை கியா?" பயமா என்று இந்தியில் கேட்டாள்.

"சேர் ஆடுது."

"ஜூட்! பொய்! சேர் ஆடல. நீங்க ஆடுறீங்க." அவளுக்கு ஒரே குஷி. "பப்பா, இந்த அங்கிளுக்கும் ஊசின்னா பயம்!"

"பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாதம்மா" என்றார் முருகேசன். இந்தத் தடவை எதிலும் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி என்றாலே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திடீரென்று கையை நீட்டிக் கத்தினாள்: "ஸ்டேச்சு!"

இந்த விளையாட்டுத் தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்டேச்சு என்றால் சிலை. சொன்னதும் அப்படியே உறைய வேண்டும், 'ஓவர்' என்று சொல்லும்வரை. அசைந்தால் தோற்றீர்கள். அவளும் உறைந்தாள், கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு. எனக்கு அப்போது ஒரு கை மூக்குக் கண்ணாடியைத் தொட்டபடி, வாய் 'நான்கு' சொல்ல வேண்டிய நிலையில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம், அதுவும் தாத்தா என்று சொன்ன பிள்ளையிடம், தோற்க எனக்குச் சம்மதமில்லை. உறைந்தேன்.

உதடு அசைந்தால் தோல்வி என்பதால் எண்ண முடியவில்லை. மனதுக்குள் எண்ணினாலும் என் உதடு காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் எண்ணுவதையே விட்டுவிட்டேன். பின்னால் டோல் அடித்தது. என்னைப் பார்க்காமல் பியூன் தரையைத் துடைத்துவிட்டுப் போனார். யாழினியின் இமை மெல்லக் கீழே வந்து மறுபடி ஏறியது. என் மூச்சு எனக்கே கேட்டது, தூக்கத்தில் கேட்பது மாதிரி. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் கணக்கில் வராத நேரம் அது ஒன்றுதான். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே அது அரைமணியாகத்தான் இருக்க வேண்டும்.

ஷிந்தே பாய் முகமூடியோடு வந்து முதலில் யாழினியின் கையைப் பிடித்தார். போன வாரம் அவர் விரலைக் கடித்தவள் இப்போது இமையைக்கூட அசைக்கவில்லை. அசைந்தால் நான் ஜெயித்துவிடுவேனே. ஊசி ஏறியது. ஒரு சொட்டுக் கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கிற்று. அதை அசைவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து என் கை. எனக்கும் ஏறியது. என்னிடமும் அந்தச் சொட்டு வந்திருக்கலாம்.

"ஜாலா" என்றார் ஷிந்தே பாய். முடிந்தது. முருகேசன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரிக்‌ஷா காத்திருக்கிறது என்று ஓடிவிட்டார். அவள் ஓவர் சொல்லாமலே போனாள்.

வளையத்தை அன்று நான் எடுக்கக் கூடாது என்றார் மேடம், என் ரத்தத்தை நானே எண்ணுவது சரியில்லை என்று. ஓம்கார் எடுத்தான். நான்கு மணி நேரம் வெளியே நின்றேன். வடாபாவ் கொண்டுவந்து கொடுத்தார்கள், ருசி தெரியவில்லை. பிறகு மேடத்தின் அறையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று யாழினி, ஒன்று நான். எது எவருடையது என்று மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. பொரி போக ஆரம்பித்தது. ஒன்றொன்றாகப் போனது பிடிப்பிடியாகப் போனது. அத்தனையையும் என்னால் எண்ண முடியவில்லை.

மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த டாக்டர், இரண்டாவதாக வந்தது அம்மையே இல்லை, குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் வேறொரு கொப்புளம் என்று முடிவு சொன்னார். மஜ்ஜைப் பேச்சு அத்தோடு நின்றது.

ரிப்போர்ட் வாங்க முருகேசன் மகளோடு வந்தார். தாளைக் கையில் கொடுத்ததும் அதைப் படிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "நார்மல்" என்று நான் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து, பச்சை நாற்காலியின் முதுகிலும் அதே வார்த்தை இருப்பதைக் கண்டு, மேடத்திடம் சைகையில் அனுமதி கேட்டுவிட்டு, அதில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

யாழினி என் எதிரே வந்து நின்றாள்.

"அங்கிள், அன்னிக்கு நான் ஓவர் சொல்லவே இல்ல. நீங்க ஆடிட்டீங்களா?"

இடையில் நான் எத்தனை தரம் சாப்பிட்டு, லோக்கலில் இடிபட்டு, மெர்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன்.

"ஆடவில்லை" என்று இந்தியில் பதில் சொன்னது சித்ரே மேடம். பொரி டப்பாவை அவள் பக்கம் நீட்டினார். "நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம்."

யாழினி ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அச்சா. ஓவர்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.